வலது மார்பு, பத்து மணித் திசை

றெஜினா சவிரிமுத்து. ஐம்பத்தொரு வயது. பாசையூர்.
மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்.
வெட்டும்போது கத்தியில் மணல் அரைபட்டது.

ஏழு மெழுகுக் கட்டிகளில் உறைய வைத்து,
வெங்காயச் சருகைவிட மெலிதாய்ச் சீவி,
வெதுநீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியில் ஏந்தினான் ஆய்வுகூடத்துத் தவராசன்.
அவனுக்குக் கை நடுங்காது.

ஆவணியில் ஊசிபோட்டு எடுத்தது
நூல்போல மூன்று துணுக்கு.
நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதினேன்:
நூற்றுக்குத் தொண்ணூறு கலங்கள் ஓமோனை ஏற்பவை.
குளிசைக்குக் கேட்கும்.
அன்றைக்கு அவ ஒரு பை நண்டு கொண்டுவந்தா.
வாங்க ஏலாது என்றேன்.
தாதிமாரின் அறையில் வைத்துவிட்டுப் போனா.
பைக்குள் ஒன்று உயிரோடு சுரண்டிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு முழுக் கட்டியும் என் மேசையில்.
முதலாம் கண்ணாடியில்
கருக்கள் எல்லாம் புளியங்கொட்டைக் கபிலம்.
இரண்டிலும் அப்படித்தான். மூன்று, நான்கு.
ஐந்தாவதில்
கபிலம் ஒரு மதில்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.
அப்பால் வெளிறிய நீலம்,
எதையும் ஏற்காதவை.

ஊசி ஒரு ஒழுங்கையைத்தான் பார்த்தது.
நான் அதை ஊர் என்று எழுதிவிட்டேன்.

ஒற்றைக் கலத்தில் தொடங்கியவைதான் இவ்வளவும்.
பார்த்தெழுதப் பார்த்தெழுதப் பிழைத்து,
பிழையைப் பார்த்தெழுதி மேலும் பிழைத்து,
இப்போது ஒன்று மற்றதின் சாயலில் இல்லை.
நடுவில் இருப்பவை பெருகுகின்றன,
இடம்விட்டு அசைவதில்லை.
விளிம்பில் சில, நூற்றில் இரண்டோ மூன்றோ,
நீண்டு கூம்பி முன்னுக்கு நிற்கின்றன.
பெருக அவற்றுக்கு அவ்வளவாய்த் தெரியாது,
வழி கிண்டத் தெரியும்.
அவற்றின் முதுகைப் பிடித்தபடி
பின்னால் மற்றவை.

தனியே புறப்பட்டது அநேகமாய் இரத்தத்திலேயே செத்துப்போகும்.
கமக்கட்டில் பதினான்கு நிணநீர் முடிச்சுகள் எடுத்தார்கள்.
பதின்மூன்று சுத்தம்.
ஒன்றின் ஓரத்தில் ஒரு சின்னக் கொத்து:
கபிலமும் நீலமும்
ஒன்றையொன்று விடாமல்.

பாடப்புத்தகம் இதற்கு வைத்திருக்கும் சொற்கள்
ஊடுருவல், இடம்பெயர்வு, குடியேற்றம்.
எங்களுக்கு இவற்றை யாரும் விளக்கத் தேவையில்லை.
தொண்ணூற்றைந்தில் மழைக்குள் பாலம் கடந்தவர்களில்
நானும் ஒருத்தி. பத்து வயது.
கையில் மூடி தொலைந்த கேத்தில்.
யாருடைய உடம்பையும் தின்ன நாங்கள் போகவில்லை.
ஆகவே உவமை வேண்டாம்.
கலம் கலமாகவே இருக்கட்டும்.
(கலம் என்றால் தோணியும்தான்.
அதையும் விடுகிறேன்.)

அறிக்கைப் படிவத்தில்
வீதத்துக்கு ஒரேயொரு பெட்டி.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் போடலாம்.
அந்த எண்ணுக்குரிய கலம்
இந்தக் கட்டிக்குள் எங்கேயும் இல்லை.

பெட்டிக்கு வெளியே ஓரமாய்ச் சாய்த்து எழுதினேன்,
ஐந்தாம் கண்ணாடியைப் பற்றி,
அந்தக் கொத்தைப் பற்றி.
சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தொலைபேசியில்
"முந்தின மாதிரி போதாது" என்றேன்.
வைத்துவிட்டேன்.
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்,
திரும்ப எடுத்துச் சொன்னேன்:
"முந்தி நான் எழுதினது போதாது."

பின்னேரம் அவ யன்னலடியில் வந்து நின்றா,
நண்டுப் பை இல்லாமல்.
"டொக்டர், கட்டி ஒண்டுதானே?"
"ஓம். ஒண்டுதான்."

வாயைவிட்டுப் போனபிறகுதான்
அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தது.
கதவைத் திறந்து வெளியே வந்து
கதிரையை அவவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"இருங்கோ றெஜினா.
இன்னும் இருக்கு."