ஒஞ்சி, ரட்டு, மூஜி

ஃப்ரூட்டிகன் ஹோட்டலில் துவாய் மடித்துக்கொண்டிருந்த என்னை
தமிழ் தெரியும் என்பதற்காக
ஒரு தெலுங்குப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள்.
நாளுக்கு எண்பது பிராங்க்.
வேலை, கமெரா பார்க்காத இடத்தில்
கம்பளிக் கோட்டோடு நிற்பது.
'கட்' என்றதும் ஓடுவது.

ஓஷினன் ஏரிக்கரையில் மே மாதத்துப் பனி.
கதாநாயகனுக்குக் கையுறை, தோல் சப்பாத்து, கழுத்துத் துண்டு.
அவளுக்கு மஞ்சள் ஷிஃபான்.
ஓடிப்போய்ப் போர்த்தினால்
முதுகு, ஐஸ்பெட்டியில் கிடந்த மீன்.

அந்த முறை அவள் பெயர் லலிதப்ரியா.
மறுவருஷம் கன்னடக்காரர் வந்தார்கள், தாரிணி என்றார்கள்.
பிறகு மலையாளம். அதில் வேறேதோ பெயர், மறந்துபோச்சு.
பாலம் அதேதான்.
மாடுகூட அதேதான் என்று சத்தியம் செய்தாள்,
கழுத்து மணியின் விரிசலைக் காட்டி.

தமிழ்ப் படம் வந்தபோது பெருமை எனக்கு.
அவளுக்கோ ஒரு வரி வாயில் நுழையவில்லை.
"சும்மா நம்பர் எண்ணும்மா,
குரலைச் சென்னையில பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.
நாயகனின் கண்ணைப் பார்த்து,
உதடு துடிக்க, நீர் முட்ட, எண்ணினாள்:
ஒஞ்சி. ரட்டு. மூஜி. நாலு. ஐனு. ஆஜி.

பாதி எனக்கு விளங்கியது.
நாலு எங்கள் நாலேதான்.
மீதி எந்த ஊர் என்று கேட்டேன்.
துளு, என்றாள், மூக்கைத் துடைத்தபடி.
மல்பெ துறைமுகத்தில்
அம்மா கும்பளா மீன் எண்ணுகிற பாஷை.
அதில் மட்டும் இன்னும் யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை.

பேர்ணில் மண்டபம் எடுத்துப் படத்தைப் போட்டார்கள்.
கையில் ரோல்ஸ், மடியில் பிள்ளை.
அவள் ஆறு வரை எண்ணிய இடத்தில்
தேன் குரலில் யாரோ
"உங்களை நம்பித்தானே வந்தேன்" என்றாள்.
பக்கத்துக் கதிரையில் விசும்பல்.

எனக்கு வேறொரு அறை ஞாபகம் வந்தது.
அதே பேர்ண். அகதி விசாரணை.
நான் சொன்னதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்
ஜெர்மனில் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டே போனார்.
ஆண் குரல். தடிமன் பிடித்த குரல்.
அண்ணாவைக் கொண்டுபோன இடம் வந்தபோது
இருமினார், தண்ணீர் குடித்தார்.
அதையும் எழுதினார்களோ என்னவோ.

அவள் படம் ஓடவில்லை.
எனக்கு விசா கிடைத்தது.

கடைசியாக வந்தது பதினோராம் வருஷம்.
தமிழ்தான். நாயகனும் அவனே,
தலைமுடி முன்னைவிடக் கறுப்பு.
இவள் அவனுக்கு மாமியார்.
பழக்கத்தில் கோட்டோடு ஓடினேன்.
"வேண்டாம் அக்கா" என்றாள். இப்போது நல்ல தமிழ்.
"மாமியாருக்கு ஸ்வெட்டர் உண்டு."

பாலத்தில் புதுப் பெண், நீல ஷிஃபான்,
எந்த ஊர்ப் பிள்ளையோ,
உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள்.
காற்று எதிர்ப்பக்கம். ஒன்றும் கேட்கவில்லை.
எதில் எண்ணுகிறாள் என்று
இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம்.
ஏழோ எட்டோ வந்திருக்கும், 'கட்' என்றார்கள்.
என் கையிலிருந்த கோட்டைப் பிடுங்கிக்கொண்டு
மாமியார் எனக்கு முன்னால் ஓடினாள்.

அன்றைக்கும் எண்பது பிராங்க்தான்.
எனக்கே தந்தார்கள்.