அரைப் பேர்

நோர்வூட் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்
பங்களாவின் இரண்டாம் அப்பு ஆரோக்கியம்.
கோதுமைமாச் சாக்கைப் பிரித்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு சிலிண்டர்,
அடியில் இரண்டு சறுக்குக் கால்கள்.
உறைபனியில் வண்டி இழுக்கிறவர்கள்
யோசித்துச் செய்த சாமான்.
இங்கே இருப்பது மூடுபனி.
அதில் எதுவும் சறுக்காது,
லொறியைத் தவிர.

"நாலு தொரை மாறியாச்சு, இது மாறல தங்கச்சி.
நேத்து இருமிச்சு. நின்னுருச்சு."

ஹட்டனில் மோட்டார் கம்பி சுற்றுகிற பெண்
எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.
கார்பன் பிரஷ் தேய்ந்து பென்சில் முனையாகியிருந்தது.
பை இருந்த இடத்தில்
எலி மிச்சம் வைத்த துணி விளிம்பு.
விசிறியில் சிக்கியிருந்தவை:
நாய் முடி, கம்பளத்தின் சிவப்பு,
கிறிஸ்மஸ் மினுக்கு, ஒரு கோட்டுப் பொத்தான்,
செல்லாத இரண்டு சதம்.

தகட்டில் ஒரு கம்பனியின் பேர்.
அதன்மேல், அதை வாங்கிய கம்பனியின் பேர்.
அதற்கும் மேல் கொழும்புக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்.
ஆலையை மூடிய பிறகும்
பேரை மட்டும் விற்கலாம் போலிருக்கிறது.

எங்கள் பக்கம் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
மழை மாதங்களில்
என் அம்மா பூவாயி
பாதிப் பூவாயியாகத்தான் லயத்துக்கு வருவாள்.
பிறகு ஃபெக்டரியில் சலிக்கிற அறை.
அங்கே தூசிக்கு மரியாதை உண்டு,
டஸ்ட் வன் என்று ஏலத்தில் எடுப்பார்கள்.
மூக்கைச் சிந்தினால் கைலேஞ்சி
பிளேன்டீ நிறத்தில் இருக்கும்.
அதற்கு ஏலம் இல்லை.

பை இந்த மொடலுக்கு எங்கும் கிடையாது என்றார்கள்,
கண்டியிலும், புறக்கோட்டையிலும்.
என் தலையணை உறையைக் கழற்றினேன்.
நீலப் பூப்போட்டது, எண்ணெய்க் கறையோடு.
வாயில் கம்பி வளையம் வைத்துத் தைத்தேன்.
சுவிட்சைப் போட்டதும்
மூச்சு இழுத்து நிறைந்தது.

அன்றிரவு போனில் வாசித்தேன்.
முதலில் குதிரை இழுத்த சிவப்பு வண்டியாம்,
தெருவில் நிற்க, குழாய் ஜன்னல் ஏறி உள்ளே போகுமாம்.
பிறகு, அமெரிக்காவில் ஒரு கடையில்
இருமல்காரத் துப்புரவாளன் ஒருவன்
விசிறி மோட்டாரை விளக்குமாற்றுக் கம்பில் கட்டி
தூசி பிடிக்க
தலையணை உறை ஒன்றை மாட்டினானாம்.
அந்த உரிமையை வாங்கியவர்
குதிரைச் சேணம் செய்தவர்.
கார் வந்துவிட்டது, சேணம் யாருக்கு?
வாங்கியவரின் பேர் வினைச்சொல்லாகிவிட்டது.
'ஹூவர் போடு' என்பார்கள் பங்களாவில்.
கூட்டியவனின் பேரை
நான் இரண்டு தடவை வாசித்தும்
காலையில் மறந்துபோனேன்.

வெறும் உறையில் படுத்த கழுத்து வலியோடு
பில் எழுதினேன்.
பிரஷ் இரண்டு. கம்பி. கூலி.
"பைக்கு எவ்வளவு?"
"அரைப் பேர் போடுங்க அண்ணே."
சிரிக்கவில்லை அவர். எண்ணிக் கொடுத்தார்.

போகிற பஸ்ஸில் கண்டக்டர் மறித்தானாம்,
சாமானுக்கு டிக்கட் எடுக்கணும், இது என்ன?
விளக்குமாறு, என்றாராம்.
விட்டுவிட்டானாம்.