அரை மணி நேரம் உட்காரவும்

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவும் என்று
மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது சுவரில்.
நான்காவதை நான் வாயால் சொல்வேன்,
எப்போதாவது, தேவைப்பட்டால்.

பெயர் செங்கோட்டுவேலு. வயது முப்பத்து நாலு.
போகும் நாடு உகாண்டா.
தொழில் என்ற கட்டத்தில் 'டிரில்லர்' என்று எழுதிவிட்டு
பல் டாக்டரா என்று கேட்டார் பரப்.
"போர் வண்டிங்க."
எந்தப் போர் என்பதை நான்தான் மராட்டியில் விளக்கினேன்.

முட்டை ஒத்துக்குமா? காய்ச்சல் இருக்கா? கர்ப்பமா?
அச்சடித்ததை ஆண்களிடமும் அதே வேகத்தில் வாசித்துவிடுவது வழக்கம்.
சிரித்தான்.
கை மட்டும் இறுகியிருந்தது.
அரை மில்லி. அவ்வளவுதான்.

டிக்கெட் ஒன்பதாம் நாளுக்கு.
மஞ்சள் அட்டைக்கு உயிர் வருவது பத்தாம் நாள்.
"ஒரே ஒரு நாள் முன்தேதி போட்டுக் குடுங்க சிஸ்டர்,
கம்பெனிக்காரன் டிக்கெட் காசப் புடிச்சுக்குவான்."
முத்திரையின் தேதிச் சக்கரம்
கட்டைவிரலால் தள்ளினால் திரும்பிவிடும்.
நான் தள்ளவில்லை.
கொசுவுக்கு முத்திரை படிக்கத் தெரியாது என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் என்னோடு பேசவில்லை.

வெளியே துறைமுக லாரிகள் பின்னால் வரும் சத்தம்.
அவன் தலைக்கு மேலே ஆப்பிரிக்கா,
இடுப்பில் மஞ்சள் துண்டு கட்டியதுபோல.
அந்தத் துண்டுக்குள் போகிறவர்களுக்குத்தான் இந்த அறை.
பதினோரு வருடமாக அதன் அடியில் நிற்கிறேன்,
பாஸ்போர்ட் இல்லை எனக்கு.
ஜி.டி.பி. நகரில் ஏறுவேன், கடைசி ஸ்டேஷனில் இறங்குவேன்.

"அங்க கடல் இருக்குதுங்களா?"
கோபம் போய்விட்டது.

கடல் இல்லை. சுற்றிலும் ஐந்து நாடு.
ஏரி உண்டு, நின்று பார்த்தால் மறுகரை தெரியாதாம்.
கரையோரம் அசையாத தண்ணியில் கால் வைக்காதீங்க.
நத்தை இருக்கும். நத்தையிலிருந்து புழு வரும்.
தோலைத் துளைச்சு உள்ளே இறங்கும்.
"எங்களாட்டம்" என்றான்.

பூமத்திய ரேகை குறுக்கே ஓடுது, ஆனாலும் மேட்டு நிலம்,
ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேணும்.
மலேரியாவுக்கு நாங்க ஊசி போடுறதில்ல. வலை, மாத்திரை.
மாத்திரை போறதுக்கு முன்னாலயே தொடங்கணும்,
திரும்பி வந்தும் நாலு வாரம் விடக்கூடாது.
மணி இரண்டரை பின்னால ஓடும்.
உங்க வீட்டில் பத்துக்குக் கதவடைச்சா
உங்களுக்கு அப்போ ஏழரை.
"ஏழரை இங்கயே புடிச்சிருச்சுங்களே" என்று
டிக்கெட்டை எடுத்துக் காட்டினான்.

பிறகு, எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்.
கொதிக்காத தண்ணி குடிக்காதீங்க.

நிமிர்ந்து உட்கார்ந்தான்.
"அதெப்படிங்க?
தண்ணி பீச்சுனதும் மொதக் கை நாங்க குடிக்கோணும்.
உப்பா, சப்பையா, நல்லதான்னு
நாங்க சொன்னாத்தான் ஊரு கொடத்த எடுக்கும்.
ராத்திரி ரெண்டு மணியானாலும் சனம் நிக்கும்,
எங்க வாயவே பாத்துக்கிட்டு."

என் அச்சுத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
வாயில் வச்சுப் பார்த்துத் துப்பிடுங்க என்றேன்.
"துப்புனா கெட்ட தண்ணீன்னு ஆயிருமுங்க."

இன்னும் நாலு நிமிடம் பாக்கி.
மேல்கையைப் பார்த்தேன். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை.
பரப் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்,
எண்ணெய்க் கப்பலுக்குப் போகும் மூன்று பையன்கள்
ஒரே பேனாவுக்குச் சண்டை போட்டபடி வந்தார்கள்.

செங்கோட்டுவேலு எழுந்துபோய்
மூலையிலிருந்த ஃபில்டரில் ஒரு தம்ளர் பிடித்தான்.
கண்ணை மூடி நாக்கில் உருட்டினான்.
பையன்கள்கூட அவன் வாயையே பார்த்தார்கள்.
விழுங்கிவிட்டுச் சொன்னான்,
"இதுல ஒண்ணுமே இல்லீங்க."