பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று

சாட்ஸ்வர்த்தில் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
போகும் என்று அட்டவணையில் இருந்தது,
அதனால் யாரும் திட்டவில்லை.
கீழ்வீட்டு இன்வெர்ட்டர் மட்டும்
சளிபிடித்த நாய்போல் முனகத் தொடங்கியது.
மடிக்கணினியில் அறுபத்தொரு சதவீதம்.
ரௌட்டருக்குப் பழைய கார் பேட்டரி.

ஊர் விட்டுவிட்டு அணையும்.
எங்கள் தளம் அணையக் கூடாது.
டயாலிசிஸ் நாற்காலிகளுக்கு முறை பதிகிற தளம்.
தோல் அரிப்பில் தூக்கம் வராதவர்கள்
இந்த நேரத்தில்தான் பதிவார்கள்.

பழைய சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும்.
பக்கத்தில் புதியதை எழுப்பி,
மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை கேட்டு,
வாசலுக்கு வருகிறவர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு,
உள்ளே இருப்பவர்கள் தாமாகக் கிளம்பும்வரை
பழையதை விட்டுவைக்க வேண்டும்.
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல.
விழித்துவிட்டால் தோற்றோம்.

இன்றைய மாற்றம் சின்னது.
பெயர்க் கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துக்குமேல் ஏறாதபடி
எவனோ ஏதோ அவசரத்தில் எழுதிவைத்திருந்தான்.
கோப்பின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன்.
நான்தான்.
நான்கு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை.
ஆங்கிலத்தில் யுகேஷ்னி எட்டு எழுத்து.
எட்டெழுத்துக்காரிக்குப் பன்னிரண்டு தாராளம்.

இப்போது அறுபது.
புதிய கட்டத்தைப் போன வாரமே சேர்த்தாயிற்று,
பழையதை இன்னும் அழிக்கவில்லை.
இரண்டு பதிப்புக்கும் ஒரே அலமாரி,
ஒன்று கை வைக்கும்போது
மற்றதன் பாத்திரம் உருளக் கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து லுங்கெலோ அழைத்தான்.
இன்னும் எத்தனை பேர்?
நாற்பது.
பதினாறு.
மூன்று.
ஒன்று.

அந்த ஒன்று நகரவில்லை.
பெயரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது,
கட்டத்தின் நீளம் மட்டும் திரையில் விழும்:
பத்து
பதினொன்று
பன்னிரண்டு
பன்னிரண்டு
பன்னிரண்டு
பதினொன்று
பன்னிரண்டு

யாரோ ஒருவர், ஒரு பெயரை,
குறுகிய வாசலில் கட்டிலை நுழைப்பதுபோல்
திருப்பித் திருப்பி நுழைக்கிறார்.
பூஜ்யம்வரை அழித்தார்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
மறுபடி ஒன்றிலிருந்து.

வெட்டிவிடு, என்றான் லுங்கெலோ.
புதியதற்குள் வந்தால் முழுப் பெயரும் ஏறுமே.
நியாயம்தான். வெட்டினால் அவருக்கு நல்லது.
வெட்டினால் அவர் பார்க்கப்போவது வெள்ளைத் திரை.
மூன்று பக்கம் நிரப்பியிருக்கிறார்:
எடை, மாத்திரைகள், ஊசி ஏற்றும் கை எது,
கூட வருபவர் உண்டா.
மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் என்று
இரண்டே முக்காலுக்கு ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

முப்பத்தெட்டு சதவீதம்.
திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
என் பள்ளிப் பெயரும் உன் தளத்தில் ஏறாது, தெரியுமா,
என்றான் லுங்கெலோ, கோபமில்லாமல்.
நான்கு வருடமாகச் சொல்லவில்லையே.
நீ கேட்கவில்லையே.

இரண்டு ஐம்பத்தொன்று.
பன்னிரண்டு.
அனுப்பிவிட்டார்.

இருநூறு என்றது பழைய சர்வர்.
எல்லாம் நலம் என்பதற்கு அதற்குத் தெரிந்த ஒரே சொல்.
வால் நறுக்கிய பெயரோடு
ஒருவர் நலமாகப் பதிவானார்,
என் பழைய பிழையின் கடைசி விருந்தாளி.
பிறகு பழையதை அணைத்தேன்.
விசிறி நிற்கும் சத்தம்கூட இல்லை,
அந்த இயந்திரம் இருப்பது கேப் டவுனில்.

தடைப்பட்ட நேரம்: பூஜ்யம் நொடி.
அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன், பொய்யில்லை.
அடுத்து, மருத்துவமனை எழுத்தருக்கு ஒரு குறிப்பு:

வியாழன் காலை ஏழு மணி, நான்காம் நாற்காலி.
காலையில் கூப்பிட்டுப் பெயரைக் கேளுங்கள்.
முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும்
கொஞ்சம் பொறுங்கள்.