விட்டு விட்டு

செவ்வாய் மாலை ஆறு மணிக்குள்
இறந்தவர்கள் எல்லோரும் என் மேசைக்கு வந்துவிட வேண்டும்.
புதன் மதியம் அச்சு.
அதற்குப் பிறகு செத்தவர்கள் அடுத்த வாரம்.

லூனன்பர்க்கில் எங்களுடையது எட்டுப் பக்க வாரப் பத்திரிகை.
இருபத்தாறு வருடமாய் அதில் பிழை பொறுக்குகிறேன்.
பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைச் சொற்கள்,
ஒன்றின் சட்டையை இன்னொன்று போட்டுக்கொண்டு வரும்.
போன மார்ச்சில் ஒரு பாதிரியார்
துக்க வழிபாட்டைக் காலை வழிபாடு என்று எழுதி அனுப்பினார்.
காதுக்கு இரண்டும் ஒன்றுதான்,
நடுவில் ஒரு யூ விழுந்துவிட்டது.
வழிபாடு நடந்தது மாலை நான்கு மணிக்கு.

பேக்கரி ஐஸ்னரின் விளம்பரம்:
எங்கள் ரொட்டி உங்கள் சூப்பை காம்ப்ளிமென்ட் செய்யும்.
அதாவது, பாராட்டும்.
ஐக்குப் பதில் ஈ போட்டேன்.
பாராட்டுவதை நிறுத்திவிட்டு
ரொட்டி இப்போது சூப்புக்குத் துணையாக மட்டும் இருக்கிறது.
எனக்கென்னவோ பழைய ரொட்டியைத்தான் பிடித்திருந்தது.

அந்தச் செவ்வாய் கடைசியாக வந்தது ஒரு பென்சில் தாள்.
வின்ஃப்ரெட் கார்க்கம், எழுபத்தெட்டு, லாப்ஸ்டர் படகுக்காரர்.
மனைவி எல்டாவால் ஐம்பத்தோரு வருடம்
கன்டின்யுவலாக நேசிக்கப்பட்டவர்.

கன்டின்யுவல் என்றால் திரும்பத் திரும்ப.
முனையில் மூடுபனிக்கு ஊதுகிற சங்கு மாதிரி:
ஊதும், நிற்கும், மறுபடி ஊதும்.
கன்டின்யுவஸ் என்றால் அறுபடாதது.
மீன் கிடங்கின் குளிர் மோட்டார் மாதிரி:
நின்ற பிறகுதான்
இவ்வளவு நேரம் ஓடியதே தெரியும்.

பாவம், துக்கத்தில் வார்த்தை தவறியிருக்கிறது என்று
சிவப்பு மையில் திருத்தி
பிரதியை அவர் மகனிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு
ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.
"இதைத் தொட்டது யார்?"

நான்தான் என்றேன். விளக்கமும் சொன்னேன்,
சங்கு, மோட்டார், எல்லாம்.

"தெரியும்" என்றார்.
"தொண்ணூற்று மூன்றில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.
பதினோரு மாதம்.
அந்தப் பதினோரு மாதம் அவனை நேசிக்கவில்லை.
ஒரு துளி இல்லை. நன்றாகத் தூங்கினேன்.
அதற்கு முன்னால் இரண்டு குளிர்காலம்
ஒரே மேசையில் உப்பு ஜாடி நகரும், பேச்சு நகராது.
அப்புறம் வந்துவிடும்.
ஏன் என்று கேட்காதே,
அவன் கையுறையை அடுப்பருகே காயப்போடும்போது ஒரு தடவை வந்தது."

பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் தேங்கியது.

"சங்கு என்றாயே,
நிற்காமல் ஊதினால் எந்தப் படகுக்குப் பிரயோஜனம்?
ஒவ்வொரு முனைக்கும் ஒரு கணக்கு.
இடைவெளியை எண்ணித்தான்
இது நம்ம ஊர் என்று அவன் திரும்பி வருவான்.
நீ போட்டிருக்கிற வார்த்தை பொய்.
படித்தால் அவனே சிரிப்பான்."

திருத்தத்தை அடித்தேன்.
பழைய சொல்லுக்கு அடியில் புள்ளிகள் வைத்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு
இருக்கட்டும் என்று அர்த்தம்.
அவர் குனிந்து புள்ளிகளைப் பார்த்தார்.
நடுநடுவே இடம் விட்டிருக்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை போன்.
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஸ்விக்கர்,
வாரம் தவறாதவர்.
"ஆறாம் பக்கம், இரண்டாவது பத்தி. கன்டின்யுவஸ் என்றல்லவா இருக்க வேண்டும்?"

"இல்லை, விசாரித்துவிட்டேன்."

"யாரிடம்?"

ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை தெரியவில்லை.
சங்கு அப்போதுதான் ஊதி நின்றிருந்தது.
கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு
எண்ண ஆரம்பித்தேன்.