மண்வெட்டி நின்ற இடம்

கூழாண்டிக் கண்மாய்க் கரையை
மூன்றாம் மடைவரை வழுவழுவெனச் செதுக்கியிருந்தார்கள்.
உசிலம்பட்டியிலிருந்து அதிகாரி வருகிறாராம்.
வந்தவர் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை.
நூறு நாள் வேலைக்கு அந்த வாரத்துப் பணம் முடிய,
மடைக்கு அப்பால் கலுங்குவரை
அருகு தப்பித்துக்கொண்டது.

எனக்கு ஆராய்ச்சி வாய்த்தது இப்படித்தான்:
ஒரே கரை, ஒரே செவல் மண்,
நடுவில் மண்வெட்டி நின்ற கோடு.

இரும்பு வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கி
செம்பால் நீர் ஊற்றி
கைப்பேசியில் மணி பார்க்க வேண்டும்.
இதற்குத்தான் சம்பளம்.

செதுக்கிய பக்கம்
ஊற்றிய நீர் ஊற்றியபடி நின்றது.
போன வாரத்து மழை அறைந்து அறைந்து
மண்ணுக்கு மேலே அப்பளம்போல் ஓடு கட்டியிருந்தது.
அதன்மேல் வானம் கிடந்தது.
கட்டெறும்பு ஒன்று விளிம்பை நாலு முறை சுற்றியது.
ஒரு விரற்கடை இறங்க
நாற்பத்தொரு நிமிடம்.

புல் பக்கம் வளையமே இறங்க மறுத்தது.
வேர்கள் நறநறவென்று அறுபட
கொஞ்சம் கூசியது எனக்கு.
ஊற்றினேன்; பேனாவைத் தேடுவதற்குள் பாதி இல்லை.
குமிழி இரண்டு மேலே வந்தது,
அடியில் எவரோ மூச்சுவிட்டாற்போல.
ஆறு நிமிடம்.
தப்பாக இருக்குமென்று மறுபடி ஊற்றினேன்.
ஏழு.

ஆடு பற்றிவந்த ஒச்சாயி
நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"கரையே தண்ணியக் குடிச்சா
கரை நிக்குமா தம்பி?"
என் நோட்டில் அதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.

ஐப்பசி அடைமழை விட்ட காலை
கலுங்குப் பக்கமிருந்தே ஏறினேன்.
புல்லில் செருப்பு லேசாக அமுங்கி எழுந்தது.
கரை நின்றது.
மடை தாண்டியதும்
விரல் நுழையும் ஓடைகள்,
கை நுழையும் ஓடைகள்,
ஒன்றில் முழங்கால் போனது.
சொட்டுக்கூடக் குடிக்காத பக்கம்தான்
கரைந்து கண்மாய்க்குள் இறங்கி
நீரை டீயாக்கியிருந்தது.

புல் பக்கத்திலும் ஒரு கீறல் உண்டு.
ஒற்றையடி அகலம்,
நெடுக ஆட்டுக் குளம்புத் தடம்.
ஒச்சாயி அதன் தலைமாட்டில் நின்றிருந்தாள்.
நான் வளையத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆடுகள் கரைக்குக் கீழே
வரப்போரமாய்ப் போயின.
காது கிழிந்த வெள்ளாடு மட்டும்
பழைய தடத்தில் முன்காலை வைத்தது.
"ஏய்" என்றாள்.
அது என்னைப் பார்த்தது.