மூன்று விரல்

எனக்கு வேலை தட்டுவது.
சூளையிலிருந்து டைல்கள் உருளைமேல் வரும்,
சூடு இன்னும் ஆறியிருக்காது.
நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு.
நல்லது கணீரென்கும்.
விரிசல் விட்டது ‘தொப்’ என்று
தானே சொல்லி மாட்டிக்கொள்ளும்.
மோர்பிக்கு வந்து பதினோரு வருடம்.
கண் ஏமாந்திருக்கிறது,
முட்டி ஏமாந்ததில்லை.

கன்னத்துக்குள் மாவா.
பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை,
பிளாஸ்டிக் தாளில் சுருட்டி
உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து
சூடேற்றி அடக்கிக்கொண்டால்
இரவு ஷிப்டில் அதுதான் சாப்பாடு,
அதுதான் பேச்சுத்துணை.
என் சந்தாலி தெரிந்த ஆள்
இந்தக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

புதன்கிழமை கரசன் பாய்
இரும்புக் குழாயில் கம்பியால் அடித்து
எங்களைக் கூப்பிட்டார்.
‘சம்பளம் பிடிக்க மாட்டேன், போய்க் காட்டுங்கடா’
என்றார் கையால் வாயை மறைத்தபடி.
பேக்கிங் கொட்டகையில்
அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேசை செய்து
டார்ச்சோடு ஜாக்ருதி பென்.
‘மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி’
என்றான் முன்னால் நின்ற ரகுவர்.
வரிசை சிரித்தது,
வாயைத் திறக்காமல்.

‘மூணு விரலை நிமிர்த்தி
பல்லுக்கு நடுவில் வைங்க, புத்னாத்.’
இரண்டு போனது.
மூன்றாவது,
கேட் மூடிய பிறகு வந்த கூலிக்காரன்போல்
வெளியே நின்றது.
சிரித்துப் பார்த்தேன்.
சிரிப்பும் இரண்டு விரல் அகலந்தான் வந்தது.

‘காரம் எரிகிறதா?’
எரிகிறது, இந்த ஊர் மிளகாய் அப்படி என்றேன்.
‘பருப்பிலேயே வெல்லம் போடுகிற ஊரில்
எது அண்ணா காரம்?’
பதில் இல்லை.
மரக்குச்சியால் கன்னத்தை ஒதுக்கி
துணிச்சுருளால் எதையோ துடைத்தாள்.
மறுபடி துடைத்தாள்.
கண்ணாடி எடுத்து எனக்கும் காட்டினாள்:
காய்ந்த பால்போல் ஒரு திட்டு.
என் வாய்க்குள் நான் பார்த்த முதல் இடம்.

நான் பயந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.
‘இது இன்னும் அது இல்லை’ என்றாள்.
‘ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம்.
ராஜ்கோட்டுக்கு வாங்க,
கடுகளவு எடுத்துப் பார்க்கணும்.
மாவாவை விடணும். இன்றைக்கே.’
ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு.
அதைச் சட்டைப் பையில் வைத்தேன்,
பொட்டலம் இருந்த அதே பையில்.

டைல் எல்லாம் தீயில்தான் விரியும் என்று
வெளியாள் நினைப்பான்.
இல்லை. தீயைத் தாண்டி வந்து
ஆறும்போதும் விரியும்,
யாரும் பார்க்காத நேரத்தில்.
விரிந்ததைத் தள்ளுபடி விலைக்கு விற்க
பின்வாசலில் கடை இருக்கிறது.
ரகுவருக்கு மூன்று விரலும் போனது.
எனக்குப் பொறாமையாக இருந்தது,
எழுதினால் அசிங்கம், ஆனால் இருந்தது.

இரவு இரண்டரை.
நாக்கு தானாகத் திட்டைத் தேடிப் போகிறது.
கை தானாகப் பையைத் தேடிப் போகிறது,
சீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.
பொட்டலத்தை இன்னும் எறியவில்லை.
தட்டிக்கொண்டே இருக்கிறேன்.
கணீர். கணீர். கணீர்.
அப்போதுதான் தோன்றியது:
கரசன் பாய் ஏன் விசிலடிப்பதில்லை?

இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால்
மூன்றாம் கொட்டகை லாரிக்காரன் எழுந்து வருவான்.
போன ஹோலிக்குப் பிறகு குழாயும் கம்பியும்.
ரொட்டியைப் பாலில் ஊறவைத்து
எங்களுக்கு முதுகு காட்டித் தின்கிறார்.
எல்லாரையும் வரிசையில் தள்ளியவர்
வரிசையில் நிற்கவில்லை.

உருளையை ரகுவரிடம் விட்டுவிட்டு
சூப்பர்வைசர் அறைக்குப் போனேன்.
என்ன சொல்வதென்று தெரியாது.
என் குஜராத்தி கடைக்குப் போக மட்டும் போதும்.
கண்ணாடிக் கதவில்
நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு.

‘யாரது?’
இறுகிய தாடைக்குள்ளிருந்து
தொப்பென்று ஒரு குரல்.

ஜாக்ருதி பென் இன்றைக்கும் இருப்பாள்,
மதியம் ஒரு மணி வரை.